11 நாள், 3 நகரம், 31 இடம்: எதற்கு முன்பதிவு, எதை விடலாம்?

குடைக்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாளாகப் படிப்பதோடு சரி, இன்றைக்குத்தான் முதல் தடவையாக எழுதுகிறேன்.

செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை காலை ஆம்ஸ்டர்டாமில் இறங்குகிறோம். திங்கள் வரை அங்கே. செவ்வாய் காலை ரயிலில் பாரிஸ், வெள்ளி வரை அங்கே. சனிக்கிழமை விமானத்தில் ரோம். அடுத்த செவ்வாய் இரவு ஊர் திரும்ப விமானம். நான், கணவர், 9 வயது மகள், 68 வயது அத்தை (மாமியார்). அத்தை நன்றாக நடப்பார், ஆனால் முழங்கால் வலி இருப்பதால் படி என்றால் பயம்.

பார்க்க வேண்டிய இடம் என்று எழுத ஆரம்பித்தேன், 31 வந்துவிட்டது. முக்கியமானதை மட்டும் இங்கே போடுகிறேன்:

சனி: இறங்கிப் பெட்டியைப் போட்டதும் 11 மணிக்கு ஆன் ஃபிராங்க் இல்லம் (நாட்குறிப்பு எழுதிய அந்தச் சிறுமி ஒளிந்திருந்த வீடு), பிறகு வான் கோ அருங்காட்சியகம்
செவ்வாய்: பாரிஸ் போய்ச் சேர்ந்ததும் மதியம் லூவர் அருங்காட்சியகம்
புதன்: காலை ஈஃபில் கோபுரம், மதியம் ஓர்சே அருங்காட்சியகம், மாலை நோத்ர தாம் பேராலயம்
ஞாயிறு: வத்திக்கான் அருங்காட்சியகம் (கடைசி ஞாயிறு இலவசமாம்!)
திங்கள்: காலை போர்கேசே கலைக்கூடம், மதியம் கொலோசியம்

இன்னும் பத்து வாரம் இருக்கிறது. எதையும் இன்னும் பதிவு செய்யவில்லை. இப்போதே செய்ய வேண்டுமா, அங்கே போய் வரிசையில் நின்றால் போதாதா? கணவர் "அதெல்லாம் போய்ப் பார்த்துக்கலாம்" என்கிறார்.

---

தண்டவாளம் எழுதியது:

வாங்க குடைக்காரி. உங்கள் கணவர் சொல்வது பாதி இடங்களுக்குச் சரி. மீதிப் பாதிக்கு வாசல் வரை போய்த் திரும்பி வருவீர்கள்.

முதலில் அட்டவணையில் இருக்கிற ஓட்டைகள். லூவருக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. போர்கேசே திங்கட்கிழமை மூடியிருக்கும், ஓர்சேவும் வெர்சாய் அரண்மனையும் அப்படித்தான். வத்திக்கான் அருங்காட்சியகம் ஞாயிறு மூடியிருக்கும், மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் காலையில் இலவசமாகத் திறப்பார்கள். இலவசம் என்பதாலேயே அன்றைக்குக் கூட்டம் நெரியும். அத்தையை அழைத்துக்கொண்டு அந்த வரிசையில் நிற்காதீர்கள். மிச்சமாகும் பணத்தை வலி மருந்துக்குக் கொடுக்க வேண்டியிருக்கும்.

அப்புறம், எதை முன்பதிவு செய்வது என்று முடிவெடுக்க எல்லோரும் புகழை வைத்துப் பார்க்கிறார்கள். நான் கட்டடத்தின் அளவைப் பார்ப்பேன். வத்திக்கானின் புனித பேதுரு பேராலயம் உலகப் புகழ்தான், ஆனால் அதற்குள் ஒரு ஊரையே நிறுத்தலாம். செக்யூரிட்டி வரிசையில் நின்றால் டிக்கெட் இல்லாமலே உள்ளே போய்விடலாம். ஆன் ஃபிராங்க் இல்லம் கால்வாய்க் கரையில் இருக்கும் ஒரு பழைய வீடு. குறுகலான படி, சின்னச் சின்ன அறை. எத்தனை பேர் ஆசைப்பட்டாலும் அந்த வீடு பெரிதாகாது. மிலானில் லியனார்தோவின் 'கடைசி இராவிருந்து' இருக்கும் கூடமும் இப்படித்தான். ஈரச் சாந்தில் வரையாமல் காய்ந்த சுவரில் வரைந்த ஓவியம் என்பதால் அவர் காலம் முடிவதற்குள்ளேயே உதிரத் தொடங்கிவிட்டது. இப்போது சின்னச் சின்னக் குழுவாகத்தான் விடுகிறார்கள், ஒரு குழுவுக்கு 15 நிமிடம். (உங்கள் பட்டியலில் மிலான் இல்லை. 32-ஆவதாகச் சேர்த்துவிடாதீர்கள்.)

உங்கள் 31-ஐயும் இப்படி ஒருமுறை சலித்துப் பாருங்கள். உண்மையிலேயே முன்கூட்டிப் பிடிக்க வேண்டியவை ஐந்தோ ஆறோ தேறும்.

---

சும்மாசுற்றி எழுதியது:

எதிர்க்கட்சி வந்துவிட்டது.

நான் பதினெட்டு வருடமாக ஊர் சுற்றுகிறேன். மணிக்கணக்குப் போட்டுப் போன பயணங்களில் எனக்கு நினைவிருப்பது கடிகாரம் மட்டும்தான். ஒரு பாலத்தின் மேல் நின்று படகுகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது "ஐயோ, 2.30 ஸ்லாட்" (டிக்கெட்டில் போட்டிருந்த நுழைவு நேரம்) என்று மனைவியை இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறேன். உள்ளே போய்ப் பார்த்தது என்ன என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அந்தப் பாலம் மட்டும் இன்னும் கண்ணில் நிற்கிறது.

குடைக்காரி, உங்கள் கணவர் என் கட்சி. நாளைக்கு மழையா வெயிலா, குழந்தைக்குக் காய்ச்சலா இல்லையா என்று பத்து வாரத்துக்கு முன்பே யாருக்குத் தெரியும்?

---

நாலாம்மாடி எழுதியது:

சும்மாசுற்றி அண்ணா, உங்கள் பேச்சைக் கேட்டுப் போனவர்களில் நானும் ஒருத்தி. ஆன் ஃபிராங்க் இல்லத்தின் வாசலில் நின்று "டிக்கெட் எங்கே வாங்குவது?" என்று கேட்டேன். வாசலில் டிக்கெட் விற்பதே இல்லை, எல்லாம் இணையத்தில்தான். என்னைப் போலவே கேட்டுவிட்டுப் போனவர்கள் அந்தப் பத்து நிமிடத்தில் இருபது பேராவது இருப்பார்கள்.

அடுத்த தடவை விடக்கூடாது என்று திட்டம் போட்டேன். ஒவ்வொரு செவ்வாயும் அவர்கள் ஊர் நேரப்படி காலை 10 மணிக்கு, ஆறு வாரம் கழித்து வரும் நாட்களுக்கான டிக்கெட்டைத் திறப்பார்கள். சரி என்று நம் நேரத்துக்கு மாற்றி அலாரம் வைத்துக் காத்திருந்தேன். திறந்து பார்த்தால் நான் கேட்ட நாளில் ஒன்றுமே இல்லை. என்ன ஆயிற்று தெரியுமா? அது மார்ச் கடைசி வாரம். முந்தின ஞாயிறு ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டார்கள். நான் ஒரு மணி நேரம் தாமதம்!

ஆகவே: நேர வித்தியாசத்தை முந்தின மாதம் பார்த்து எழுதி வைக்காதீர்கள். அன்றைக்குக் காலையில் அந்த ஊரில் இப்போது மணி என்ன என்று தேடிப் பார்த்துவிட்டு உட்காருங்கள்.

இன்னொன்று. வங்கிக் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை முந்தின நாளே ஆன் செய்து, வேறு ஏதாவது சின்னதாக ஒன்று வாங்கிச் சோதித்துக்கொள்ளுங்கள். வரிசையில் நின்று, நாள் தேர்ந்தெடுத்து, பெயரெல்லாம் அடித்த பிறகு ஓடிபி வராமல் நிற்கும் கொடுமை இருக்கிறதே, அதை எதிரிக்கும் நினைக்க மாட்டேன்.

---

குடைக்காரி எழுதியது:

மூன்று ஓட்டை! நல்லவேளை கேட்டேன். லூவர் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும் என்று கணவரிடம் சொன்னேன். "பார்த்தாயா, அதனால்தான் திட்டமே போடக்கூடாது" என்கிறார். என்ன தர்க்கமோ.

எது எப்போது திறக்கும் என்று யாராவது சொல்ல முடியுமா? எல்லாவற்றையும் இந்த வாரமே உட்கார்ந்து முடித்துவிடலாம் என்று நினைத்தேன், ஆனால் கொலோசியம் தளத்தில் செப்டம்பருக்குப் போகவே முடியவில்லை.

---

தண்டவாளம் எழுதியது:

முடியாதுதான். ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு. கொலோசியம் 30 நாள் முன்புதான் திறக்கும். ஈஃபில் கோபுரத்தின் லிஃப்ட் டிக்கெட் 60 நாள் முன்பு, வத்திக்கானும் ஏறக்குறைய அதே கணக்கு. ஆன் ஃபிராங்க் ஆறு வாரம். போர்கேசேவுக்கு முன்பதிவு கட்டாயம். இரண்டு மணி நேரம் ஒரு ஸ்லாட், முடிந்ததும் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு அடுத்த கூட்டத்தை விடுவார்கள். இந்தக் கணக்குகளை அவ்வப்போது மாற்றுவார்கள், ஆகவே அந்தந்த அதிகாரப்பூர்வ தளத்தில் இன்றைக்கே ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

நான் செய்வது: பயண நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, திறக்கும் நாட்களை மட்டும் நாட்காட்டியில் குறிப்பேன். உங்களுக்கு இப்போது பத்து வாரம் என்றால் இந்த வாரம் ஒன்றும் செய்ய வேண்டாம். இரண்டு மூன்று வாரத்தில் ஈஃபிலும் வத்திக்கானும் வரும். ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒரு செவ்வாய் ஆன் ஃபிராங்க். ஆகஸ்ட் கடைசியில் கொலோசியம். நடுவே நிம்மதியாக இருக்கலாம்.

கொலோசியம் டிக்கெட்டில் பெயர் இருக்கும், வாசலில் பாஸ்போர்ட் கேட்பார்கள். 2023 அக்டோபரிலிருந்து இப்படித்தான். மொத்தமாக வாங்கிப் பதுக்கி விற்றவர்களால் வந்த வினை. 2025 ஏப்ரலில் இத்தாலியின் போட்டி ஆணையம் இந்த விவகாரத்தில் டிக்கெட் விற்ற நிறுவனத்துக்கும் சில சுற்றுலா நிறுவனங்களுக்கும் சேர்த்து ஏறக்குறைய 2 கோடி யூரோ அபராதம் போட்டது. அதனால் பெயர் அடிக்கும்போது பாஸ்போர்ட்டில் இனிஷியல் எப்படி விரிந்திருக்கிறதோ அப்படியே அடியுங்கள். அத்தையின் பாஸ்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டே உட்காருங்கள், அவர் பெயர் உங்களுக்குத் தெரிந்ததுதான் என்றாலும்.

மகளுக்கு லூவர், ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம், கொலோசியம் மூன்றிலும் கட்டணம் இல்லை, 18 வயது வரை. இலவசம்தானே என்று அவள் பெயரை விட்டுவிடாதீர்கள். பதிவு செய்யும்போது அவளுக்கும் ஓர் இலவச டிக்கெட் எடுக்க வேண்டும்.

---

கணக்குப்புலி எழுதியது:

யாரும் இன்னும் சிட்டி பாஸ் பக்கம் போகவில்லை, ஆகவே நான். "ஒரே அட்டை, எல்லா வாசலும் திறக்கும்" என்று நினைத்து வாங்குபவர்கள் அதிகம். பாரிஸ் மியூசியம் பாஸில் ஈஃபில் கோபுரம் இல்லை. லூவர் உண்டு, ஆனால் பாஸ் கையில் இருந்தாலும் லூவருக்கு நேரம் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். ரோமா பாஸில் வத்திக்கான் கிடையாது. அது வேறு நாடு, நியாயம்தான். கொலோசியத்துக்கு அந்த அட்டையோடும் நேரம் பதிய வேண்டும். ஆம்ஸ்டர்டாம் அட்டையில் ஆன் ஃபிராங்க் இல்லம் இல்லை.

அதாவது பாஸ் பணத்தை மிச்சம் பிடிக்கலாம், இடம் பிடித்துத் தராது. ஒரு நாளைக்கு மூன்று அருங்காட்சியகம் போகிறவர்களுக்குத்தான் அதில் லாபம். அத்தையோடு போகும் உங்களுக்கு ஒரு நாளைக்கு ஒன்றே அதிகம். தனித்தனியாக வாங்குங்கள்.

---

பொறுமைசாலி எழுதியது:

மேலே எல்லோரும் டிக்கெட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்த அம்மாவின் முழங்காலைப் பற்றி நான் பேசுகிறேன், எனக்கும் வயது 64.

சொன்ன நேரத்துக்கு டிக்கெட் இருந்தால் வரிசையே கிடையாது என்று நினைத்துவிடாதீர்கள் குடைக்காரி. டிக்கெட் வாங்கும் வரிசை மட்டும்தான் இல்லாமல் போகும். பையைச் சோதிக்கும் வரிசை எல்லோருக்கும் பொது, ஒரு நாள் அது கால் மணி, இன்னொரு நாள் முக்கால் மணி. வயதானவர்களைக் களைப்படைய வைப்பது நடை இல்லை, நிற்பது. ஒரு மணி நேரம் நடந்துவிடுவேன், அரை மணி நேரம் ஒரே இடத்தில் நிற்க என்னால் ஆகாது.

ஆன் ஃபிராங்க் இல்லத்தின் பழைய பகுதியில் படி செங்குத்து, கிட்டத்தட்ட ஏணி மாதிரி. அங்கே லிஃப்ட் இல்லை. கொலோசியத்தில் லிஃப்ட் உண்டு. லூவரில் சக்கர நாற்காலியை இலவசமாகவே தருவார்கள், அடையாள அட்டையைக் கொடுத்தால் போதும். நான் முதலில் கௌரவம் பார்த்தேன், இரண்டாம் தளம் ஏறுவதற்குள் கௌரவம் இறங்கிவிட்டது. வத்திக்கானில் சிஸ்டைன் சிற்றாலயம் வருவதற்குள் கூடம் கூடமாக நடக்க வேண்டும். நடுவில் "போதும், திரும்பலாம்" என்றால் எதிர்த்து வரும் கூட்டத்தில் திரும்பவும் முடியாது. உட்கார இடம் கண்ட இடத்திலெல்லாம் உட்காரச் சொல்லுங்கள். அங்கே தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும், அது உங்கள் மகளுக்கும்தான்.

விமானம் இறங்கிய அன்றே 11 மணிக்கு ஸ்லாட் போட்டிருக்கிறீர்களே, அதை மட்டும் எடுத்துவிடுங்கள். விமானம் தாமதமானால் காசு போச்சு. சரியான நேரத்துக்கு வந்தால் நான்கு பேரும் தூங்கிக்கொண்டே பார்ப்பீர்கள்.

---

சும்மாசுற்றி எழுதியது:

> விமானம் தாமதமானால் காசு போச்சு.

இதைத்தானே நானும் சொல்கிறேன்!

சரி, ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சின்ன வீட்டுக்கு முன்பதிவு வேண்டும். ஆனால் பதிவு செய்துவிட்டால் கதவு திறக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. 2025 அக்டோபர் 19, ஞாயிறு. லூவரில் பட்டப்பகலில் நகைகள் திருடு போயின. அன்றே மூடினார்கள், புதன்கிழமைதான் திறந்தார்கள். அதே வருடம் ஏப்ரல் கடைசியில் போப் தேர்தலுக்காக சிஸ்டைன் சிற்றாலயத்தை மூடினார்கள். டிக்கெட் வைத்திருந்தவர்கள் மீதி அருங்காட்சியகத்தைப் பார்த்தார்கள். பலமாகக் காற்று அடித்தால் ஈஃபில் கோபுரத்தின் உச்சியை மூடிவிடுவார்கள்.

இந்த ஊர்களில் பதிவே வேண்டாத இடங்களை யாரும் எழுதவில்லை. நோத்ர தாம் 2024 டிசம்பரில் மறுபடி திறந்தது. இலவசம்தான். நேரம் பதிந்துகொள்ளலாம், பதியாமலும் வரிசையில் போகலாம், வரிசை நீளமாகத் தெரியும், ஆனால் நகர்ந்துகொண்டே இருக்கும். ரோமில் கரவாஜ்ஜோவின் ஓவியங்கள் சான் லூயிஜி தேய் ஃபிரான்செசி தேவாலயத்தில் சுவரிலேயே இருக்கின்றன, டிக்கெட் இல்லை. ஆம்ஸ்டர்டாமில் கால்வாய் ஓரம் நடக்க எந்த ஸ்லாட்டும் வேண்டாம். காலி நேரத்தை வீண் நேரம் என்று நினைக்காதீர்கள், அவ்வளவுதான்.

---

தண்டவாளம் எழுதியது:

சண்டை போட வந்தவர் நல்ல பட்டியல் கொடுத்துவிட்டுப் போகிறார்.

குடைக்காரி, ஒரு நாளைக்கு ஒரு ஆணி மட்டும் அடியுங்கள். மற்றதெல்லாம் அதில் தொங்கட்டும். லூவரை புதன்கிழமைக்கு மாற்றினால், அன்று இரவு 9 வரை திறந்திருக்கும் (வெள்ளியும் அப்படித்தான்). மாலை 4 மணிக்கு மேல் போனால் கூட்டம் கலையத் தொடங்கியிருக்கும். காலையில் அத்தை ஓய்வெடுக்கட்டும். ஓர்சே வியாழன் இரவு 9.45 வரை. வத்திக்கானை திங்களுக்குப் போடாதீர்கள், ஞாயிறு மூடியிருந்த கூட்டமெல்லாம் அன்றைக்கு வரும். செவ்வாய் காலை முதல் ஸ்லாட் கிடைத்தால் நல்லது, உங்கள் விமானம் இரவில்தானே. போர்கேசேவை விட்டுவிடுங்கள். எனக்குப் பிடித்த இடம்தான், ஆனால் 9 வயதுக் குழந்தைக்கு ஒரே பயணத்தில் பளிங்குச் சிலைகள் இவ்வளவு போதும்.

தேடும்போது மேலே விளம்பரமாக வரும் தளங்களைத் திறக்காதீர்கள். அதிகாரப்பூர்வ தளம் மாதிரியே இருக்கும். எனக்கு ஒரு தடவை 10 மணி டிக்கெட் என்று விற்றுவிட்டு, முந்தின நாள் இரவு "உங்கள் குழு 3 மணிக்கு" என்று மின்னஞ்சல் அனுப்பினார்கள். ரீஃபண்ட் கேட்டு எழுதியதற்கு இன்றுவரை பதில் இல்லை.

---

குடைக்காரி எழுதியது (ஐந்து வாரம் கழித்து):

நிலவரம் சொல்ல வந்தேன்.

31 இப்போது 9. வெட்டும்போது மகளையும் அத்தையையும் பக்கத்தில் உட்கார வைத்தேன். "எதற்காக அங்கே போகிறோம்?" என்று கேட்டு, மூன்று பேருக்கும் பதில் தெரியாத இடத்தை அடித்துவிட்டோம். பதினான்கு இடம் அந்த ஒரே கேள்வியில் போய்விட்டது. கணவர் அடுத்த அறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார், ஆகவே அவருக்கு ஓட்டுரிமை இல்லை.

ஈஃபில் இரண்டாம் தளம், வியாழன் மாலை: கிடைத்தது. உச்சிக்கு எடுக்கவில்லை, காற்று அடித்தால் யார் அழுவது. வத்திக்கான், செவ்வாய் காலை 8.30: கிடைத்தது. லூவர், புதன் 4.30: அதுவும். கொலோசியம் இரண்டு வாரத்தில் திறக்கும், அலாரம் வைத்தாயிற்று.

ஆன் ஃபிராங்க்தான் நாடகம். நாலாம்மாடி சொன்னபடி அந்த ஊர் நேரத்தை அன்றைக்கே பார்த்துவிட்டு, கால் மணி நேரம் முன்பே உட்கார்ந்தேன். இணைய வரிசையில் எனக்கு முன்னால் ஆயிரக்கணக்கான பேர். கணவர் தன் கைபேசியில் "சும்மா பார்ப்போம்" என்று திறந்தார். அவர் எனக்கு முன்னால் போய்விட்டார்! ஞாயிறு நான்கு பேருக்கு எந்த நேரத்திலும் இல்லை. திங்கள் காலை 9.45-க்கு மூன்று இடம் மட்டும் காட்டியது. யாரை விடுவது என்று விழித்துக்கொண்டு நின்றோம், வலது பக்க மூலையில் நிமிடம் ஓடிக்கொண்டிருக்கிறது. சமையலறையிலிருந்து அத்தை குரல்: "ஏணி மாதிரிப் படி என்றாளே யாரோ ஒருத்தி, நான் எதற்கு? மூன்றே வாங்கு."

வாங்கிவிட்டோம். இப்போது ஒரே ஒரு கேள்விதான். நாங்கள் உள்ளே இருக்கும் ஒரு மணி நேரம் அத்தை உட்கார அந்தப் பக்கம் ஏதாவது இடம் இருக்கிறதா?

---

பொறுமைசாலி எழுதியது:

இருக்கிறது. வீட்டை ஒட்டியே வெஸ்டர்கெர்க் தேவாலயம், அதன் பக்கத்தில் சதுக்கம். ஆன் ஃபிராங்கின் சின்னச் சிலை ஒன்றும் அங்கே நிற்கிறது. கொஞ்சம் தள்ளி, கால்வாய்த் தண்ணீர் வரை இறங்கும் இளஞ்சிவப்புக் கல் மேடை இருக்கும், முக்கோண வடிவில். ஜனங்கள் அதில் உட்கார்ந்து படகு பார்ப்பார்கள். இறங்கும் படி கொஞ்சம்தான், மேல் படியிலேயே உட்காரலாம். தேவாலயத்தின் மணி கால் மணிக்கு ஒருதரம் அடிக்கும், அந்தப் பெண் தன் நாட்குறிப்பில் எழுதிய அதே மணிக்கூண்டுதான். அத்தையிடம் சொல்லிவையுங்கள், நாலாம் தடவை அடிக்கும்போது நீங்கள் வெளியே வந்துகொண்டிருப்பீர்கள்.

---

சும்மாசுற்றி எழுதியது:

அத்தை என் கட்சி. குடைக்காரி, உங்கள் குடையையும் பையையும் அவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போங்கள், பெரிய பையோடு விட மாட்டார்கள்.